கூட்டுக்கு இரண்டு பேர்



இந்தப் பகுதியில் வழக்கமாக மரக்கறித் தோட்டம், கோழி வளர்ப்பு, குடிதண்ணீர் என்று எழுதி வருகிறோம். இம்முறை ஒரு சதமும் செலவில்லாத ஒரு பாடம். லயத்து வாசற்படியில் உட்கார்ந்தபடியே படிக்கலாம். தாய், தகப்பன், பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்தே படிக்கலாம். நம் வீட்டைச் சுற்றி ஜோடியாகக் குடும்பம் நடத்தும் பறவைகள் தங்கள் குஞ்சுகளை எப்படிப் பங்கு போட்டு வளர்க்கின்றன என்பதே அந்தப் பாடம்.

பறவை பார்ப்பது வெள்ளைக்காரர்களுக்கும் டூரிஸ்ட்டுகளுக்கும் உரிய பொழுதுபோக்கு என்று நம்மில் பலர் நினைக்கிறோம். தூரம் பார்க்கும் கண்ணாடி, தொப்பி, விலையான புத்தகம் எல்லாம் வேணும் என்று ஒரு எண்ணம். இலங்கைப் பறவைகளைப் பற்றிய பேர்போன வழிகாட்டி நூலை 1955இல் வெளியிட்ட ஜீ. எம். ஹென்றி என்பவர் 1891இல் பிறந்தது கண்டிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில்தான். அவர் துரை வீட்டுப் பிள்ளை என்பது உண்மை. ஆனால் பறவைக்குப் பங்களா என்றும் லயம் என்றும் வித்தியாசம் இல்லை. பீலிக்கரைக் கொய்யா மரத்திலும், லயத்துக் கூரை இடுக்கிலும், வாசலில் நிற்கும் செவ்வரத்தையிலும் அவை கூடு கட்டத்தான் செய்கின்றன. பார்ப்பதற்குக் கண்ணும் பொறுமையும் போதும்.

ஏன் ஜோடி?

கல்யாண வீட்டில் பெரியவர்கள் அன்றில் பறவை மாதிரி வாழுங்கள் என்று வாழ்த்துவதைக் கேட்டிருப்பீர்கள். அன்றில் எந்தப் பறவை என்பதில் படித்தவர்களுக்குள்ளேயே கருத்து வேற்றுமை உண்டு. அதைத் தேடி நாம் போக வேண்டியதில்லை. உலகத்துப் பறவை இனங்களில் நூற்றுக்குத் தொண்ணூறு, ஒரு ஆண் ஒரு பெண் என்று ஜோடி சேர்ந்துதான் குஞ்சு வளர்க்கின்றன. நாய், பூனை, மாடு, மான் முதலிய பாலூட்டும் மிருகங்களில் இப்படி ஜோடியாக வாழும் இனங்கள் நூற்றுக்குப் பத்துக்கும் குறைவு. பறவைக்கு மட்டும் ஏன் இப்படி?

கோழியை எடுத்துக்கொள்வோம். பொரித்த அன்றே கோழிக்குஞ்சு எழுந்து நடக்கிறது. கண் திறந்திருக்கிறது, உடம்பெல்லாம் பஞ்சு மாதிரித் தூவி, தானே கொத்தித் தின்கிறது. ஆகவே தாய்க்கோழி ஒன்றே பத்துக் குஞ்சையும் மேய்த்துவிடும். சேவல் அந்தப் பக்கம் எட்டியும் பார்க்காது. குப்பைமேட்டில் ஏறிக் கூவிக்கொண்டு நிற்கும். (இந்தச் சேவலைப் போல ஆட்களை எங்களுக்கும் தெரியும் என்று சில அக்காமார் சொல்வது காதில் விழுகிறது. கொஞ்சம் பொறுங்கள்.)

இப்போது ஒரு கொண்டைக்குருவிக் கூட்டையோ புறாக் கூட்டையோ நினைத்துப் பாருங்கள். பொரித்த குஞ்சுக்குக் கண் திறக்கவில்லை. இறகு கிடையாது. தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ளவும் தெரியாது. முதல் சில நாட்கள் யாராவது மேலே படுத்துச் சூடு கொடுக்காவிட்டால், நம் மலைநாட்டுக் காலைக் குளிரில் விறைத்துப்போகும். அதே நேரத்தில் ஓயாமல் இரையும் வேணும். சூடு கொடுத்துக்கொண்டே உட்கார்ந்தால் குஞ்சு பட்டினி. இரை தேடப் போனால் குஞ்சுக்குக் குளிர், அதோடு காகத்துக்கும் பூனைக்கும் அணிலுக்கும் வாய்ப்பு. ஒரு பறவை ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருக்க முடியாது அல்லவா? ஆகவேதான் ஒரு கூட்டுக்கு இரண்டு பேர் வேண்டியிருக்கிறது.

பால் கொடுக்கும் தகப்பன்

நம் தோட்டங்களில் சாதாரணமாகக் காணும் புறா, கழுத்தின் பின்னால் கறுப்பில் வெள்ளைப் புள்ளி போட்ட புள்ளிப்புறா. சிங்களத்தில் கொபெய்யா என்பார்கள். இதன் கூட்டைப் பார்த்தால் நமக்கே வெட்கமாக இருக்கும். பத்திருபது குச்சியை ஏனோதானோ என்று போட்டு வைத்திருக்கும். கீழே நின்று பார்த்தால் குச்சிக்கு நடுவால் முட்டை தெரியும். ஆனால் கூட்டைப் பார்த்து அந்தக் குடும்பத்தை எடைபோட்டுவிடக் கூடாது. உள்ளே நடக்கிற நிர்வாகம் முதல்தரமானது.

வெள்ளை முட்டை இரண்டு. தாயும் தகப்பனும் முறை வைத்து அடைகாக்கின்றன. புறா வகைகளில் பொதுவாக உள்ள ஒழுங்கு என்னவென்றால், காலை ஒன்பது பத்து மணியளவில் ஆண்புறா வந்து உட்காரும். பின்னேரம் வரை அதன் முறை. அந்த நேரத்தில்தான் பெண்புறா வெளியே போய் மேய்ந்து, தண்ணீர் குடித்து, இறகைக் கோதி, ஆறுதலாகத் திரும்பும். பின்னேரத்திலிருந்து இரவு முழுவதும் மறுநாள் காலை வரை பெண்ணின் முறை. கூடு ஒரு நேரமும் சும்மா கிடப்பதில்லை. மாறும்போது ஒன்று வந்து பக்கத்தில் நின்ற பிறகுதான் மற்றது எழும்பும். ஆணும் பெண்ணும் ஒரே மாதிரி இருப்பதால், ஒரே புறா பகலெல்லாம் உட்கார்ந்திருப்பதாக நாம் நினைத்துவிடுகிறோம். மாறுகிற நேரத்தில் பார்த்தால்தான் விஷயம் தெரியும்.

குஞ்சு பொரித்த பிறகு இன்னும் பெரிய அதிசயம் இருக்கிறது. புறாவின் தொண்டைக்குக் கீழே இரையைச் சேர்த்து வைக்கும் இரைப்பை உண்டு. குஞ்சு பொரிக்கும் காலம் நெருங்கும்போது அந்தப் பையின் உட்சுவர் தடித்து, பாற்கட்டி போன்ற ஒரு வெள்ளைச் சத்து உண்டாகிறது. கொழுப்பும் புரதமும் நிறைந்தது. முதல் சில நாட்களுக்குக் குஞ்சுக்கு இதுதான் சாப்பாடு. குஞ்சு தன் சொண்டைப் பெரிய பறவையின் வாய்க்குள் விட்டு இதை வாங்கிக்கொள்ளும். நாள் போகப் போகக் கொஞ்சம் கொஞ்சமாக ஊறிய தானியமும் கலந்து கொடுக்கப்படும். இந்தப் பால் தாய்ப்புறாவுக்கு மட்டும் சுரப்பதல்ல. தகப்பனுக்கும் அதே அளவு சுரக்கிறது. பெண்களுக்குத் தாய்ப்பால் சுரக்கச் செய்யும் அதே சுரப்புநீர்தான் ஆண்புறாவின் உடம்பிலும் இந்த வேலையைச் செய்கிறது.

பிள்ளைக்காம்பிராவில் நடந்த தாய்மார் கூட்டத்தில் நான் இதைச் சொன்னபோது ஒரு இளம் தாய் எழும்பி, “ஐயா, அந்தப் புறா வீட்டுக்காரருக்குப் பிரட்டுக்களத்துல பேரு இல்லைதானே, அதான் வீட்டுல குந்தி இருக்காரு” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பின்னால் இருந்த ஒரு வயதான அம்மா விடவில்லை. “பேரு போட்டவங்கதான் ரெண்டு மணிக்கே வீட்டுக்கு வந்துடுறாங்களே தாயி. வந்து என்னா பண்ணுறாங்க?” என்று கேட்டார். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் யாரும் சிரிக்கவில்லை.

அந்த அம்மா சொன்னதில் கணக்கு இருக்கிறது. கவ்வாத்து, முள்ளுக்குத்து, மருந்தடிப்பு என்று போகும் ஆண்கள் பல தோட்டங்களில் கொந்தரப்பை முடித்துக்கொண்டு பகலோடு வீடு திரும்பிவிடுகிறார்கள். கொழுந்தெடுக்கும் பெண்கள் அந்திக் கொழுந்து நிறுத்து, கூடையை இறக்கி, மலையிலிருந்து இறங்க நாலரை ஐந்து ஆகிறது. அதன் பிறகு தண்ணீர், விறகு, அடுப்பு. பிரசவ லீவு 84 நாள் முடிந்து தாய் மலைக்குத் திரும்பியதும், கிளினிக் அட்டையில் பிள்ளையின் நிறைக்கோடு தட்டையாகப் போவதையும் கீழே இறங்குவதையும் நான் அடிக்கடி பார்க்கிறேன். நம் வீட்டுத் தகப்பன்மாருக்குப் பால் சுரக்காது. ஆனால் ஆறு மாசம் தாண்டிய பிள்ளைக்கு இரண்டு மணிக்குப் பருப்பும் சோறும் பிசைந்து ஊட்ட இரண்டு கை போதும். புறாவுக்கோ கையும் கிடையாது. கூட்டத்தில் நான் இவ்வளவுதான் சொன்னேன். கேட்டுக்கொண்டு கதவோரம் நின்ற இரண்டு மூன்று தகப்பன்மார் என்ன நினைத்தார்களோ தெரியாது.

ஆண் எது, பெண் எது?

பிள்ளைகளை வைத்துக்கொண்டு பார்ப்பதற்கு எனக்குப் பிடித்தது ஊர்க்குருவி. சிங்களவர்கள் இதை கே குருல்லா என்பார்கள். வீட்டுக்குருவி என்று அர்த்தம். வீட்டில் குருவி கூடு கட்டினால் அதிர்ஷ்டம் என்று முட்டியோ சிறு பெட்டியோ தாழ்வாரத்தில் கட்டித் தொங்கவிடும் பழக்கம் நம் நாட்டில் உண்டு. பல இடங்களில் இந்தக் குருவி முந்தி மாதிரி இல்லை. உங்கள் லயத்தில் இன்னும் இருந்தால் அதிர்ஷ்டம்தான்.

இதில் உள்ள வசதி, ஆணையும் பெண்ணையும் சின்னப் பிள்ளைகூடப் பிரித்துச் சொல்லிவிடும். ஆணுக்கு உச்சந்தலை சாம்பல் நிறம், கழுத்தில் கறுப்புத் துண்டு கட்டிய மாதிரி அடையாளம். பெண் மங்கின மண்நிறம், கறுப்பு இல்லை. ஆகவே யார் எத்தனை தரம் வந்தார் என்று கணக்கெடுப்பது சுலபம்.

பொந்தைத் தேடிப் பிடிப்பது ஆண். பிடித்த பிறகு அதன் வாசலில் நின்று ஓயாமல் கத்திப் பெண்ணைக் கூப்பிடும். முட்டை வந்ததும் இரண்டும் மாறி மாறி உட்காருகின்றன. ஆனால் இரண்டின் வேலையும் ஒன்றல்ல. அடைகாக்கும் காலத்தில் பெண்ணின் வயிற்றில் ஒரு பகுதி இறகு உதிர்ந்து வெறுந்தோலாகிவிடும். அதில் இரத்த ஓட்டம் கூடி, சூடு நேராக முட்டைக்குப் போகும். ஆணுக்கு அந்த வெறுந்தோல் இல்லை. அது உட்கார்ந்தால் முட்டை சீக்கிரம் ஆறிப்போகாமல் பார்த்துக்கொள்ள முடியும், அவ்வளவுதான். அந்த அவ்வளவுதான் என்பது பெண்குருவி போய் வயிறு நிறையத் தின்றுவர நேரம் கொடுக்கிறது. பத்துப் பதினாலு நாளில் பொரித்துவிடும். பிறகு இரண்டும் இரை கொண்டுவருகின்றன. பெரிய குருவிகள் நெல்லும் அரிசியும் தின்றாலும் குஞ்சுக்கு முதலில் கொடுப்பது புழுவும் பூச்சியும்தான். வளருகிற உடம்புக்குப் புரதம் வேணும் என்பது அதற்குத் தெரிந்திருக்கிறது. மரக்கறிப் பாத்திக்குக் கண்டபடி மருந்தடிக்கிறவர்கள் இதையும் கொஞ்சம் யோசிக்க வேணும். புழு இல்லாத தோட்டத்தில் குருவிக்குஞ்சு தப்பாது.

மற்ற அயலவர்கள்

கொண்டைக்குருவி, சிங்களத்தில் கொண்டயா, வாலடியில் சிவப்பு உள்ளது. இதைத் தெரியாதவர் இல்லை. இடுப்பளவு செடியிலேயே கிண்ணம் போலக் கூடு கட்டும். ஆண் பெண் பிரித்துச் சொல்ல ஏலாது. ஆனால் இரை ஊட்டியதும் உடனே பறந்துவிடாமல் கூட்டு விளிம்பில் கொஞ்சம் காத்து நிற்பதைப் பாருங்கள். குஞ்சு பின்பக்கத்தைத் திருப்பி, ஒரு வெள்ளைப் பைக்குள் கட்டின மாதிரி எச்சமிடும். வந்திருப்பது தாயோ தகப்பனோ, அதை உடனே எடுத்து விழுங்கிவிடும். கூட்டின் அடியில் எச்சம் சிந்திக் கிடந்தால் எதிரிக்கு இடம் தெரிந்துவிடும். கூடும் நாறிப்போகும். பீத்துணி அலசுவது பெண்பிள்ளை வேலை என்று கொண்டைக்குருவிக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை போலும்!

தையல்சிட்டு அகலமான இலையை மடித்து, பஞ்சாலும் சிலந்தி நூலாலும் தைத்து அதற்குள் கூடு வைக்கும். குஞ்சுக்கு இரண்டும் ஊட்டும். கூந்தல் மாதிரித் தொங்கும் தேன்சிட்டுக் கூட்டைக் கட்டுவது பெரும்பாலும் பெண்தான். பளபளக்கும் ஆண் பக்கத்தில் பறந்துகொண்டிருக்கும். ஆனால் குஞ்சு வந்தபின் அதுவும் இரை சுமக்கும். நுவரெலியா போன்ற உயரமான இடங்களில் தேயிலைச் செடி உச்சியிலும் வேலிக் கம்பியிலும் குந்தி வாலை ஆட்டும் சின்னக் கறுப்புக் குருவியைக் கண்டிருப்பீர்கள். அதுதான் புதர்ச்சிட்டு. இதன் பெண் மண்நிறம். கற்சுவர்ப் பொந்தில் முக்கியமாகப் பெண்ணே அடைகாக்கும். ஆண் எல்லையில் உயரமான இடத்தில் நின்று பாடும். வேலை செய்யாமல் பாடுகிறதே என்று கோபிக்க வேண்டாம். இன்னொரு ஜோடி தன் எல்லைக்குள் வந்து பூச்சியைப் பங்கு போடாமல் காப்பதும் அந்தப் பாட்டின் வேலை.

இரத்தினபுரி, கேகாலைப் பக்கத் தோட்டக்காரர்களுக்கு இன்னொன்று காணக் கிடைக்கும். நம் நாட்டில் மட்டுமே உள்ள சாம்பல் இருவாய்ச்சி. பெண் மரப்பொந்துக்குள் போய், சேறும் எச்சமும் பழச்சதையும் குழைத்த சாந்தால் வாசல் அடைபட்டுவிடும். சொண்டு நுழையும் அளவு ஒரு கீறல் மட்டும் மிஞ்சும். உள்ளே இருக்கும் பெண்ணுக்கும் குஞ்சுக்கும் வெளியே உள்ள ஆண்தான் அந்தக் கீறல் வழியாகப் பழம் கொடுக்க வேணும். அது வராவிட்டால் மொத்தக் குடும்பத்துக்கும் பட்டினி.

இதையெல்லாம் கேட்டுவிட்டுப் பறவைகளைச் சாமியாராக்கிவிடாதீர்கள். குயில் தன் முட்டையைக் காகத்தின் கூட்டில் போட்டுவிட்டுப் பாட்டுப் பாடிக்கொண்டு திரியும். தூக்கணாங்குருவியின் ஆண் பல கூடு கட்டிப் பல பெண்ணைச் சேர்த்துக்கொள்ளும். ஜோடியாக வாழும் பறவைகளிலும் சில ஒரு பருவத்துக்கு மட்டும் சேர்ந்து அடுத்த பருவத்தில் வேறு துணை தேடும். 1980களிலிருந்து மரபணுப் பரிசோதனை வந்த பிறகு, ஒரே கூட்டுக் குஞ்சுகளில் ஒன்றிரண்டுக்கு வேறு தகப்பன் இருப்பதும் பல இனங்களில் தெரியவந்தது. மனுஷருக்குரிய கற்பு ஒழுக்கத்தைக் குருவிமேல் ஏற்றி அளக்க முடியாது. குஞ்சு பசியில் வாய் திறக்கும்போது இரையோடு யார் வருகிறார் என்பதை மட்டும்தான் நாம் வாசற்படியிலிருந்து பார்க்க முடியும். பார்க்க வேண்டியதும் அதுதான்.

எப்படிப் பார்ப்பது?

வருஷத்தின் முதல் பாதியில், பெருமழை கொட்டத் தொடங்குமுன், கூடுகள் கூடுதலாகக் கிடைக்கும். வாயில் குச்சியோ நாரோ வைத்துக்கொண்டு ஒரே திசைக்குப் போகும் பறவையைக் கண்டால், அதைத் துரத்தாமல் இருந்த இடத்திலேயே நின்று கண்ணால் பின்தொடருங்கள். கூடு எங்கே என்று தெரிந்ததும் பத்துப் பதினைந்து அடி தள்ளி ஒரு இடத்தைப் பிடித்து, ஒவ்வொரு நாளும் அதே இடத்திலேயே உட்காருங்கள். நாலைந்து நாளில் பறவை உங்களைச் சட்டை செய்யாது. கிளையை விலக்கிப் பார்க்கவே கூடாது. மனுஷர் தொட்ட வாசனைக்குத் தாய் விட்டுப் போய்விடும் என்று சொல்வது பெரும்பாலும் கட்டுக்கதை. அதைவிடப் பெரிய ஆபத்து காகம். நாம் எதை எட்டிப் பார்க்கிறோம் என்று கம்பத்தில் குந்தி அது பார்த்துக்கொண்டே இருக்கும். கூட்டையும் முட்டையையும் எடுப்பது சட்டப்படியும் குற்றம். 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கினங்கள் தாவரவினங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் நம் நாட்டின் பெரும்பாலான பறவைகளுக்குப் பாதுகாப்புக் கொடுத்திருக்கிறது.

பழைய சீயாரைக் கொப்பி ஒன்றில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். நேரம், வந்தது ஆணா பெண்ணா, கொண்டுவந்தது என்ன, எவ்வளவு நேரம் நின்றது. இது போதும். பாடசாலை விட்டு வந்த பிள்ளை பின்னேரம் ஒரு மணித்தியாலம் எழுதட்டும். லீவு நாளில் காலையிலும் எழுதட்டும். புறாக் கூடு என்றால் முறை மாறும் நேரத்தைக் குறிப்பதே முக்கியம். பகலில் வீட்டில் இருக்கும் தகப்பன் அந்தக் கொப்பியைப் பிடித்தால் இன்னும் நல்லது. ஆண்புறாவின் முறையும் அந்த நேரம்தானே.

கடைசியாக ஒன்று. ஒரு நாள் காலையில் இறகு முளைத்த குஞ்சு ஒன்று, வால் குட்டையாக, பறக்கத் தெரியாமல் தரையில் தத்திக்கொண்டிருக்கும். பாவம் என்று வீட்டுக்குக் கொண்டுவந்து பாணும் பாலும் கொடுக்காதீர்கள். அது அநாதை அல்ல. கூட்டை விட்டிறங்கிய பிள்ளை. பூனையைக் கட்டிவைத்து, குஞ்சைப் பக்கத்துச் செடியில் ஏற்றிவிட்டு, தள்ளி நில்லுங்கள். கொப்பியில் ‘கூடு காலி’ என்று எழுதி மூடிவிடவும் வேண்டாம். குஞ்சுகள் இன்னும் ஒரு வாரம் பத்து நாள் செடிக்குள் இருந்து கத்திச் சாப்பாடு கேட்கும். சத்தம் வரும் பக்கம் பார்த்து, ஊட்ட வருவது யார் என்று குறியுங்கள். ஊர்க்குருவி என்றால் பல நேரம் அது கழுத்தில் கறுப்புத் துண்டு கட்டிய தகப்பனாக இருக்கும். தாய் அதற்குள் அடுத்த முட்டைக்குப் பொந்தில் போய்ப் படுத்திருக்கும்.